பெரியவனோடு வந்த கொசுறு

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஹார்லோ ஊரே மஞ்சள் பூசிக்கொள்ளும். பைன் மரங்கள் உதிர்க்கிற மகரந்தம் காரின் மேல் படியும், நாயின் மேல் படியும், காயப்போட்ட சட்டையிலும் படியும். அலபாமாக்காரர்கள் அந்த மாதத்தில் ஓயாமல் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று தும்முவது, இன்னொன்று ஃபுட்பால் பேசுவது. ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதி, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். காலால் உதைக்கிற இன்னொரு ஆட்டத்துக்கும் அதே பெயர்தான் என்று வெளியூர்க்காரன் எவனாவது வாயைத் திறந்தால், ஒடெஸ்ஸா ப்ரூயிட் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

டான்ஸ்பி கல்லூரியின் பயிற்சி மைதானத்துக்குக் கம்பி வேலி உண்டு. வசந்தகாலப் பயிற்சி தொடங்கியதும் அந்த வேலியோரம் மடக்கு நாற்காலிகள் முளைத்துவிடும். அதில் உட்கார்ந்து அந்த வருடம் வந்து சேர்ந்த புதுப் பையன்களை எடைபோடுகிறவர்களுக்கு ஊரில் ‘வேலிக் கட்சி’ என்று பெயர். கட்சியில் பலர் வருவார்கள், போவார்கள். நிரந்தர உறுப்பினர்கள் மூன்று பேர்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒடெஸ்ஸா, கல்லூரி வாசலில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் ப்யூஃபர்ட், டயர் கடை எம்மெட்.

“அந்த அம்பத்திரெண்டாம் நம்பரப் பாருங்க. ஓடுறானா, உக்கார எடம் தேடுறானா?” என்பாள் ஒடெஸ்ஸா.

“பையனுக்கு அம்மா சமையல் ஜாஸ்தி போல. கோடை முடியறதுக்குள்ள எளைச்சிருவான்” என்பான் ப்யூஃபர்ட்.

“எளைக்கறதுக்குள்ள அழுதுக்கிட்டு ஊருக்குப் போயிருவான். என் பஸ்ல இந்த மாதிரி மூஞ்சி எத்தனை பாத்திருக்கேன்!”

“பந்து எறியற புதுப் பையன் தேவல.”

“எறியறான்யா, பிரமாதமா எறியறான். யாருக்கு எறியறான்னுதான் அவனுக்கே தெரியல.”

இப்படி இருவரும் பிய்த்துப் போட்ட பிறகு எம்மெட்டின் பக்கம் திரும்புவார்கள். கடைசித் தீர்ப்பு அவனுடையது. சும்மா சொல்லக் கூடாது, எம்மெட்டுக்கு அப்படியொரு கண். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள், இவன் காலைப் பார்ப்பான். விசில் ஊதியதும் ஒரு பையன் எடுத்து வைக்கிற முதல் அடி போதும் இவனுக்கு. பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒரு பையனைப் பார்த்து, “முட்டிக்கு மேல ராஜா, முட்டிக்குக் கீழ கூஜா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அந்தப் பையன் கல்லூரியை விட்டுப் போகும்வரை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

‘கொசுறு’ என்று பெயர் வைத்ததும் எம்மெட்தான். பெரிய ஆட்டக்காரன் ஒருவனைக் கல்லூரிகள் போட்டி போட்டு இழுக்கும்போது, அவன் மனம் குளிரட்டும் என்று அவனுடைய சேக்காளி ஒருவனையும் சேர்த்து எடுத்துக்கொள்வது இந்த வியாபாரத்தில் வழக்கம். மீன் தட்டு வாங்கினால் கேட்காமலே ஓரத்தில் வைக்கிற சோள உருண்டையைப் போலத்தான். “அவன் ஆட வந்தவன் இல்லடா, கொசுறா வந்தவன்” என்று எம்மெட் ஒருமுறை சொல்ல, வேலி முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட பையன் எவன் வந்தாலும் அவனுக்கு அதுதான் பெயர். அந்தப் பையன்களுக்கும் அப்பன்கள் இருப்பார்கள் என்று எம்மெட் ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த வருடம் அவனுடைய மகனே மைதானத்துக்குள் இருந்தான். கோல்பி, எண்பத்தெட்டாம் எண். முன்வரிசை ஓரத்தில் நின்று எதிராளியைத் தடுக்கவும் வேண்டும், சமயம் பார்த்து ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். அதுதான் அவன் இடம். அவனுக்குப் பக்கத்திலேயே எழுபத்துநான்காம் எண்ணில் ராண்டல். ராண்டல் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, ஊரே அவனைப் ‘பெரியவன்’ என்றுதான் சொல்லும். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பூனைப் பாதம். இந்தப் பகுதியில் அவனைக் கேட்டு வராத கல்லூரி இல்லை.

பெரியவனின் அப்பா லோனி ஹாஸ்கியூ, எம்மெட்டின் உயிர் நண்பன். பள்ளிக்கூட அணியில் இருவரும் தோளோடு தோள் நின்று ஆடியவர்கள். பிள்ளைகள் இருவரும் ஒரே முற்றத்தில் புரண்டு வளர்ந்தவர்கள். லோனி இன்ஷூரன்ஸ் விற்கிறவன், வாயைத் திறந்தால் தேன் ஒழுகும்.

போன வருடம் கேட்ஸ்வில் என்கிற சின்னக் கல்லூரியின் கோச் எம்மெட் வீட்டுக்கே வந்திருந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து எம்மெட்டின் மனைவி ட்வைலா சுட்ட பீச் பழப் பலகாரத்தில் இரண்டு துண்டு தின்றுவிட்டு, கோல்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, எங்ககிட்ட வந்தா முதல் வருஷமே ஆடுவே. உனக்குன்னு ஒரு எடம் வெச்சிருக்கேன். படிப்புச் செலவு மொத்தமும் எங்களுது.” கோல்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வாரமே டான்ஸ்பியிலிருந்தும் அழைப்பு வந்தது. பெரிய கல்லூரி, பெரிய மைதானம், எம்மெட் பாதி வாழ்க்கையை உட்கார்ந்தே கழித்த அதே வேலி.

“ரெண்டு பசங்களும் ஒண்ணாவே போகட்டும்டா. நாம ஆடின மாதிரி ஆடட்டும்” என்றான் லோனி.

கோல்பி தயங்கினான். “அப்பா, நான் அங்க ஆடற அளவுக்கு இருக்கேனா? நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்” என்றான்.

“இருக்கேடா. எங்கண்ணு பொய் சொல்லுமா?” என்றான் எம்மெட்.

பெரியவன் டான்ஸ்பிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அதே வாரத்தில்தான் கோல்பிக்கு அழைப்பு வந்தது. இந்தக் கதையை வேறு எவனாவது சொல்லியிருந்தால் எம்மெட் கதை முடியுமுன்னே சிரித்திருப்பான்.

பயிற்சியில் கவச உடை மாட்டி மோதுகிற முதல் நாளன்று வேலிக் கட்சிக்கு ஒரு சடங்கு உண்டு. ஆளுக்கொரு புதுப் பையனைத் தேர்ந்தெடுத்து, அவன் எண்ணை வெள்ளைப் பட்டி நாடாவில் எழுதித் தங்கள் நாற்காலி முதுகில் ஒட்டிக்கொள்வார்கள். அன்றிலிருந்து அந்தப் பையன் இவர்கள் பிள்ளை. அவன் நன்றாக ஆடினால் இவர்களுக்குப் பெருமை, சொதப்பினால் மற்றவர்களின் கிண்டலையெல்லாம் இவர்கள் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். பையன் கல்லூரியை விட்டுப் போகும்வரை நாடாவை உரிக்கக் கூடாது. சொந்தப் பிள்ளையை எவனும் எடுக்கக் கூடாது என்பது விதி, அதனால் எம்மெட் பெரியவனை எடுத்தான். ப்யூஃபர்ட் ஐந்தாம் எண்ணை எடுத்தான்.

ஒடெஸ்ஸா நாடாவைக் கிழித்தாள், பேனாவைத் திறந்தாள், கொட்டை எழுத்தில் ‘88’ என்று எழுதித் தன் நாற்காலியில் ஒட்டினாள்.

எம்மெட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். ஒடெஸ்ஸா லேசில் யாரையும் எடுக்கிறவளா? எத்தனையோ பெரிய பெரிய பெயர்களை உதறித் தள்ளியவள் அவள்! “மிஸ் ஒடெஸ்ஸா...” என்று ஆரம்பித்தான்.

“என்ன பாக்கறே? புடிச்சிருந்துச்சு, எடுத்தேன். போய் உன் வேலையப் பாரு” என்றாள் அவள். மகரந்தத்தில் தும்மினாள்.

அன்று விசில் ஊதியபோது எம்மெட் பழக்கதோஷத்தில் கோல்பியின் காலைப் பார்த்தான். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். கோல்பி ஒரு கணம் கழித்துத்தான் கிளம்பினான். மறுபடி ஊதினார்கள், மறுபடி அதே ஒரு கணம். எம்மெட் சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இந்த வருடம் மகரந்தம் ரொம்ப ஜாஸ்தி என்று ப்யூஃபர்ட்டிடம் சொன்னான். ப்யூஃபர்ட்டும் ஆமாம் ஜாஸ்திதான் என்றான்.

அந்த வாரம் முழுக்க எம்மெட் தரையில் நடக்கவில்லை. டயர் மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் ஒடெஸ்ஸாவின் நாற்காலியைப் பற்றிச் சொன்னான். ட்வைலாவிடம் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னான், மறுநாள் காலையிலும் சொன்னான். “கேட்டாச்சு, கேட்டாச்சு” என்று அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமை அவன் வேகவைத்த நிலக்கடலை வாங்கி வரப் போனான். தெருமுனைக் கடையில் ஆவி பறக்க ஒரு பை வாங்கிக்கொண்டு, குறுக்கு வழியாக, சாமான் கொட்டகையின் பின்பக்கமாக வந்தான். கொட்டகையின் இந்தப் பக்கம் நின்றால் வேலியில் பேசுவது தெளிவாகக் கேட்கும், ஆள் தெரியாது. மோபில் நகரத்திலிருந்து வந்த யாரோ ஒருவன் அன்று கட்சியில் உட்கார்ந்திருந்தான். அவன் குரல்தான் முதலில் கேட்டது.

“அந்த எண்பத்தெட்டு யாருங்க? கொஞ்சம் மந்தமாத் தெரியறானே.”

“அவனா?” என்றாள் ஒடெஸ்ஸா. “பாவம், அது கொசுறு. பெரியவனோட வந்தது.”

“அப்புறம் உங்க நாற்காலில அவன் நம்பர் இருக்கே?”

ப்யூஃபர்ட் சிரித்தான். “சீட்டு குலுக்கிப் போட்டோம்ல! யாருமே எடுக்கலேன்னா அவங்கப்பன் மனசு நொந்து போவான். எங்க ஆளு அவன். யாராவது ஒருத்தர் எடுத்துத்தானே ஆகணும்? சீட்டு இவங்களுக்கு விழுந்துச்சு.”

“எனக்கு எப்பவும் இப்படித்தான். சர்ச்சுல குலுக்கினாலும் பாத்திரம் கழுவற வேலதான் எனக்கு விழும்” என்றாள் ஒடெஸ்ஸா.

“கொசுறுன்னு எப்படித் தெரியும்?”

“துணை கோச் எங்கிட்டத்தான் முடி வெட்டிக்கறாரு. பெரியவனோட அப்பன் லோனி நேராவே கேட்டுட்டானாம். என் பையன் வேணும்னா இவனையும் சேத்து எடுங்கன்னு.”

எம்மெட் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். கையில் கடலைப் பை சுட்டது, அது அவனுக்கு உறைக்கவில்லை. ப்யூஃபர்ட்டின் முகம் செத்துவிட்டது. மோபில்காரன் தன் தொப்பியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

“சீட்டா குலுக்கினீங்க?” என்றான் எம்மெட். “எம் பையன் மேலயா?”

“எம்மெட், உக்காருப்பா” என்றாள் ஒடெஸ்ஸா.

“இத்தன வருஷம் இந்த வேலில பொய் பேசினது உண்டா நாம? ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா இன்னொருத்தன் எவ்வளவு கேவலமா வேணா பேசிக்குவோம், பொய் பேசினது உண்டா? ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, மிஸ் ஒடெஸ்ஸா எம் பையன எடுத்துட்டாங்க எடுத்துட்டாங்கன்னு! உள்ளுக்குள்ள எத்தனை சிரிச்சிருப்பீங்க?”

“யாரும் சிரிக்கல.”

“இப்பச் சிரிச்சீங்களே! கேட்டுக்கிட்டுத்தானே வந்தேன்!”

ஒடெஸ்ஸா எழுந்தாள். பஸ்ஸில் சண்டை போடும் பிள்ளைகளை விலக்கிய அதே நிதானம் அவள் குரலில் இருந்தது. “நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. உனக்குத் தெரியாதா? முதல் நாளே நீ அந்தப் புள்ளையோட காலப் பாத்தே. நான் உன்னப் பாத்தேன். பாத்துட்டு மகரந்தத்தப் பத்திப் பேசினே. சரி, இவனுக்கும் தெரியும், தெரிஞ்சே கம்முனு இருக்கான்னுதான் நாங்களும் கம்முனு இருந்தோம்.”

எம்மெட் கடலைப் பையை அவள் காலடியில் வைத்தான். தன் நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டுபோய் வண்டியின் பின்தட்டில் எறிந்தான். அங்கிருந்து நேராக, ஆட்டக்காரர்களின் பெற்றோருக்கென்று போட்டிருந்த பந்தலுக்கு நடந்தான்.

பந்தலில் லோனி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இனிப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். எம்மெட்டைப் பார்த்ததும், “வாடா! என்ன வேலிய விட்டுட்டு வந்துட்டே, உன்னத் தள்ளி வெச்சுட்டாங்களா?” என்று சிரித்தான்.

“எம் பையன உன் பையனோட கொசுறாச் சேத்துவிட்டியா?”

லோனி சிரிப்பை நிறுத்தினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எம்மெட்டின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான். “யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்னடா? ஆமாவா, இல்லையா?”

“சரி, ஆமா. கேட்டேன். என்ன தப்பு? உன் பையனுக்கு ஒரு நல்லதுதானே பண்ணேன்?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ விட்டிருப்பியா? ரோஷக்காரனாச்சே நீ! அது மட்டும் இல்லடா...” லோனி கொஞ்சம் தயங்கினான். “ராண்டல் உருவத்துலதான் பெரியவன். வீட்ட விட்டுத் தனியாத் தங்கினதே இல்ல. கோல்பி கூட வந்தாத்தான் போவேன்னு ஒரே அடம். ராத்திரி தூங்க மாட்டேங்கறான், சாப்பிட மாட்டேங்கறான். நான் என்ன பண்ணட்டும்?”

“அதனால உம் புள்ளைக்குத் துணைக்கு எம் புள்ளைய அனுப்பி வெச்சே. கேட்ஸ்வில்ல அவனுக்குன்னு ஒரு எடம் இருந்துச்சேடா! அந்த மனுஷன் எங்க வீட்டு மேசைல உக்காந்து சொன்னாரேடா!”

“கேட்ஸ்வில் எல்லாம் ஒரு ஊரா? இங்க பாரு.” லோனி இரண்டு கைகளையும் எம்மெட்டின் தோளில் வைத்தான். பள்ளி நாட்களில் ஆட்டத்துக்கு முன்னால் வைப்பானே, அதே மாதிரி. “ராண்டல் இங்க இருக்கற வரைக்கும் கோல்பி மேல ஒருத்தன் கை வைக்க மாட்டான். நாலு வருஷத்துல அவனும் தேறி வந்துருவான். இது என் வாக்கு. என்ன நம்பு.”

எம்மெட் நம்பினான். வேறு என்ன செய்வான்? நம்பவில்லை என்றால் போன வருடம் முழுவதையும் அல்லவா நம்பாமல் போக வேண்டும்! லோனி தேநீர் ஊற்றிக் கொடுத்தான், எம்மெட் நின்றபடியே குடித்தான். அது பாகாக இனித்தது.

சனிக்கிழமை வசந்தகால ஆட்டம். அணியை இரண்டாகப் பிரித்து ஆடுகிற ஆட்டம்தான், ஆனாலும் ஊரே திரண்டுவிடும். எம்மெட் வேலிக் கட்சியோடு உட்காரவில்லை. மேல்வரிசையில் ட்வைலாவோடு உட்கார்ந்திருந்தான். பெரியவன் எதிராளிகளை வைக்கோல் கட்டுகளைப்போலத் தூக்கிப் போட்டான், கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கோல்பியைக் கடைசியில் இறக்கினார்கள். அவனுக்கு ஒரு பந்து வந்தது. நல்ல கை அவனுக்கு, சுத்தமாகப் பிடித்தான், பிடித்த இடத்திலேயே வீழ்த்தப்பட்டான். ட்வைலா தொண்டை கிழியக் கத்தினாள். எம்மெட்டும் கத்தினான். கீழே, வேலிக் கட்சிக்காரர்கள் உட்காரும் வரிசையில், ஒடெஸ்ஸா தன்னந்தனியாக எழுந்து நின்று கைதட்டினாள். எம்மெட் அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்துகொண்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒடெஸ்ஸாவின் கார் டயர் கடை வாசலில் வந்து நின்றது. டயர் நான்கும் நன்றாகத்தான் இருந்தன.

“நான் உள்ள வரல” என்றாள் அவள், கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு. “போன தடவ நீயா மறைஞ்சு நின்னு கேக்கற மாதிரி ஆயிருச்சு. இந்தத் தடவ மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன். பெரியவன் கல்லூரி மாறிப் போறான்.”

“எங்க?”

“மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். நம்ம ஜென்ம விரோதிங்க கிட்ட. இப்பல்லாம் ஆட்டக்காரங்களக் காசு குடுத்தே இழுக்கறாங்களே, இவனுக்கும் பெரிய பணமாம். லோனிக்கும் அங்கயே ஏதோ உத்தியோகமாம், வீடும் பாத்தாச்சாம்.”

“நேத்தைக்கு முடிவு பண்ணானா?”

ஒடெஸ்ஸா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னாள்: “இல்லப்பா. துணை கோச்சுக்கு மார்ச்லயே வாடை அடிச்சிருச்சாம். வசந்தகால ஆட்டம் முடியட்டும்னு காத்திருந்திருக்காங்க.”

மார்ச்! அப்படியென்றால் தோளில் கை வைத்து வாக்குக் கொடுத்த அன்றைக்கே லோனிக்குத் தெரியும். வாக்குக் கொடுக்கிறபோதே அது எப்போது செல்லாக்காசாகும் என்று தெரிந்துவைத்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறான். எம்மெட் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

லோனி வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் இருவரும் புரண்டு வளர்ந்த அதே புல்லில், ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகை நட்டிருந்தது. அதன் மேல் அதற்குள்ளேயே மகரந்தம் படிந்திருந்தது. எம்மெட் கதவைத் தட்டினான். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. மறுபடி தட்டினான். டிவி சத்தம் நின்றது, திரைச்சீலை ஒரு விரல் அளவு அசைந்து அடங்கியது.

“லோனி! வெளிய வாடா!” என்று கத்தினான். “நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியேடா! வெளிய வந்து எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுடா!”

பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி வேடிக்கை பார்த்தாள். கதவு திறக்கவில்லை. எம்மெட்டுக்கு அழுகை வந்தது. ஐம்பது வயது தாண்டிய மனிதன், ஒரு பூட்டிய கதவின் முன்னால் நின்று அழுதுவிடுவோமோ என்று பயந்து வண்டிக்குத் திரும்பினான்.

அப்போதுதான் கோல்பியிடமிருந்து அழைப்பு வந்தது. “அப்பா, கோச் கூப்பிட்டுப் பேசினாரு. வந்து கூட்டிட்டுப் போறியா?” அவ்வளவுதான் சொன்னான்.

எம்மெட் போனபோது பயிற்சி மைதானம் காலியாக இருந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கோல்பி வேலிக்கு வெளியே, கட்சிக்காரர்கள் உட்காரும் இடத்தில், துணிமூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“என்ன சொன்னாரு?”

“மரியாதையாத்தான் சொன்னாரு. இந்தப் படிப்பு வருஷம் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்கோன்னு. எனக்குத் தோதா ஒரு கல்லூரி கெடைக்குமாம்.”

“கேட்ஸ்வில்லுக்கு நான் பேசறேன்.”

“நானே பேசிட்டேன். அந்த எடத்துல வேற பையன் சேந்துட்டானாம்பா.” கோல்பி வேலிக் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டான். “ராண்டல் காலையில ஹாஸ்டல் ரூம காலி பண்ணிட்டுப் போயிட்டான். நான் தூங்கிட்டு இருந்தேன், எழுப்பக்கூட இல்ல.”

“லோனி பயல நான் சும்மா விடமாட்டேன். துரோகி! கூடவே இருந்து குழி பறிச்சுட்டான். இந்த வேலிக் கட்சியும் லேசுப்பட்டதா? சீட்டு குலுக்கிப் போட்டாங்கடா உன் நம்பர! எல்லாரும் சேந்து நம்மள...”

“அப்பா.”

எம்மெட் நிறுத்தினான்.

“ஒண்ணு கேக்கறேன். நான் உம் புள்ளைன்னு நெனைக்காத. யாரோ ஒரு எண்பத்தெட்டு. நீ இங்க உக்காந்திருக்கே, மிஸ் ஒடெஸ்ஸா கேக்கறாங்க, என்ன எம்மெட் தீர்ப்பச் சொல்லுன்னு. என்ன சொல்லுவே?”

“இப்ப எதுக்குடா அது?”

“சொல்லுப்பா. எல்லாப் பசங்களுக்கும் சொல்லியிருக்கே. எனக்கு மட்டும் சொன்னதே இல்ல.”

எம்மெட் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் மெதுவாக, வேலியில் சொல்கிற அதே குரலில் சொன்னான்: “கை நல்ல கை. வந்த பந்த விடமாட்டான். பயம் கெடையாது, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் போய் முட்டுவான். ஆனா முதல் அடி லேட்டு. ஒவ்வொரு தடவையும் லேட்டு. சொல்லிக் குடுத்து வர்ற விஷயம் இல்ல அது. இந்த மைதானத்துல இவனால ஆட முடியாது. சின்னக் கல்லூரியாப் போனா நாலு வருஷமும் ராஜாவா ஆடுவான்.”

கோல்பி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எம்மெட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

“இது எப்போ தெரியும் உனக்கு?”

எம்மெட் வண்டிச் சாவியை எடுத்துக் கையில் புரட்டினான்.

“நான் பள்ளிக்கூடத்துல ஆடும்போதே தெரியும், இல்ல?” என்றான் கோல்பி. “எனக்கும் லேசா சந்தேகம் இருந்துச்சு. அதனாலதான் உங்கிட்ட வந்து கேட்டேன். ஊர்ல யாரு பொய் சொன்னாலும் எங்கப்பா கண்ணு பொய் சொல்லாதுன்னு இருந்தேன்பா. லோனி மாமாவ நான் ஒண்ணும் நம்பல. மிஸ் ஒடெஸ்ஸாவையும் நம்பல. உன்னத்தான் நம்பினேன்.”

கோல்பி குனிந்து மூட்டையை எடுத்தான். வண்டியின் பின்தட்டில் வைக்கப் போனவன், அங்கே கிடந்த மடக்கு நாற்காலியைப் பார்த்தான். அதன் முதுகில் ‘74’ வெள்ளையாகத் தெரிந்தது. அதை உரித்து எறிவான் என்று எம்மெட் நினைத்தான், உரித்து எறிய வேண்டுமென்று வேண்டிக்கொள்ளவும் செய்தான். கோல்பி அதைத் தொடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு மூட்டையைப் பக்கத்தில் வைத்தான்.

“நீ வண்டில போப்பா. அம்மாகிட்ட நீயே சொல்லிரு. நான் நடந்து வர்றேன்.”

“அவ்வளவு தூரமாடா?”

“பரவால்ல.”

அவன் வேலியை ஒட்டி நடந்து போனான். எம்மெட் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான். தெரு கடக்கிற இடத்தில் பச்சை விளக்கு விழுந்தது. அங்கே நின்றிருந்த இரண்டு மூன்று மாணவர்கள் சட்டென்று இறங்கி நடந்தார்கள். கோல்பி ஒரு கணம் கழித்துத்தான் காலை எடுத்து வைத்தான். எம்மெட் இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை, அவன் தெருவைக் கடந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.